சாயம் ஏறாத வட்டங்கள்

பெரம்பலூர்
4 நவம்பர் 2024

அன்புள்ள பாத்திமா மேரி அக்காவுக்கு,

மணிமொழி எழுதுகிறேன். கவரின் பின்பக்கத்தில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால், தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள். என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். அம்மா போனிலிருந்து பேசினாலும், அம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு என் பேச்சை எடுத்ததும் வைத்துவிடுகிறீர்களாம். அதனால்தான் தபால். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, ஓர் ஆளுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

அக்கா, செல்கள் சாகவில்லை!

உங்களுக்கு நினைவிருக்கும். நான் லேபில் சேர்ந்த முதல் வாரம், "இந்த மாஸ்ட் செல்லு என்னதான் வேலை பாக்குது மணி?" என்று கேட்டீர்கள். உடம்புக்குள் காவலுக்கு இருக்கும் செல், உள்ளே நிறைய குருணை வைத்திருக்கும், அலர்ஜி வந்தால் அத்தனையையும் ஒரே நேரத்தில் வெளியே கொட்டிவிடும், தடிப்பும் அரிப்பும் அதனால்தான் என்று நான் பெரிய மேதை மாதிரி சொன்னேன். நாற்பத்தெட்டு-எண்பது என்ற ரசாயனத்தை எலிக்குப் போட்டால் அலர்ஜி எதுவும் இல்லாமலே கொட்டிவிடும். கொட்டிய பிறகு அந்தச் செல்லுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. வெடித்ததும் செத்துப்போகிறது என்று ஓர் அத்தியாயமே எழுதி வைத்திருந்தேன்.

நேற்று திருச்சியிலிருந்து என் தோழி அபிநயா ஒரு புதுச் சாயம் கொண்டுவந்து கொடுத்தாள். நம்முடைய பழைய நீலச் சாயம் குருணையை மட்டும்தான் பிடித்து ஊதாவாக்கும். இது செல்லின் மேல்தோலைப் பிடித்துப் பழுப்பாக்கும். ரசாயனம் போட்ட முதல் நாள் எடுத்து மிச்சமிருந்த ஸ்லைடில் சும்மா போட்டுப் பார்த்தோம். ஊதாவாக ஐந்தாறு செல்தான் இருக்கும் என்று நாம் எண்ணிய ஸ்லைடு. அதில் எங்கு திருப்பினாலும் பழுப்பு வளையம்! உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் செல் முழுசாக இருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் என் கைடு வீரமணி சார் தன் ரூமிலிருந்து சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்துவிட்டார்.

என் மடத்தனத்தைப் பாருங்கள். மூன்று வருடமாகச் சாயத்தை எண்ணிவிட்டு, செல்லை எண்ணியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உங்கள் நோட்டு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலில் சின்னச் சின்ன வட்டம் போட்டிருப்பீர்கள். இது என்ன என்று கேட்டதற்கு, "அதே உருவம்தான், சாயம் மட்டும் ஏறல" என்றீர்கள். அதை விடுங்க அக்கா, சாயம் ஏறுனதை மட்டும் எண்ணுங்க என்றேன். நீங்கள் விடவில்லை. எல்லா நாளுக்கும் வட்டம் போட்டு வைத்திருக்கிறீர்கள், இல்லையா?

அந்த நோட்டு எனக்கு வேண்டும். டிசம்பர் 12 அன்று மறுபடி என் பிஎச்.டி. கமிட்டி கூடுகிறது. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால்கூடப் போதும், நான் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன்.

செப்டம்பரில் நடந்ததற்கு வருந்துகிறேன். டென்ஷனில் வாயில் வந்துவிட்டது.

அன்புடன்,
மணிமொழி

*

மரியே வாழ்க

வரதராஜன்பேட்டை
9 நவம்பர் 2024

மணிமொழி மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம். அதில் செல்லுக்கு இரண்டே முக்கால் பக்கம், எனக்கு இரண்டு வரி. அந்த இரண்டு வரியும் நோட்டைக் கேட்ட பிறகு வருகிறது.

வாயில் என்ன வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மறந்திருக்கலாம். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, எழுதுகிறேன். செப்டம்பர் 19, மதியம். கமிட்டி நடந்த ரூமுக்கு ஸ்லைடு தட்டை எடுத்து வரச் சொல்லியிருந்தீர்கள். நான் தட்டோடு வாசலில் நின்றேன். மூன்றாவது, நான்காவது வாரத்தில் எண்ணிக்கை ஏறுகிறதே என்று வெளியிலிருந்து வந்த நல்லுசாமி சார் கேட்டார். "செத்தது எழுந்திருச்சு வந்துதாம்மா?" என்றார். அதற்கு நீங்கள், "எங்க லேப் அக்கா ஜெபமாலை உருட்டிக்கிட்டே எண்ணுறாங்க சார். அப்புறம் செத்தது எழுந்திருக்காம என்ன செய்யும்?" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்.

ஒன்பது வருடம் அந்த மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கிறேன். நான் எண்ணாமல் எழுதினேன் என்று ஒருவர் சொன்னதில்லை. நீங்கள் அதையும் சொல்லி, என் சாமியையும் சேர்த்துச் சொன்னீர்கள். எண்ணும் கவுண்டரின் பொத்தான் சிக்கிக்கொண்டு, ஒரு தடவை அழுத்தினால் இரண்டு காட்டுகிறது என்று உங்களிடம் மூன்று முறை சொன்னேன். புதிது வரவில்லை. அதனால்தான் ஜெபமாலையை எடுத்தேன். ஒரு செல்லுக்கு ஒரு மணி. பத்து மணி முடிந்து தனி மணி வந்ததும் நோட்டில் ஒரு கோடு. தப்பே வராது. இது தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

நோட்டு என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். நேற்று முந்திரித் தோப்பில் சருகு கூட்டும்போது குளவி கொட்டிவிட்டது. முழங்கை வரை தடித்து, சிவந்து, ஒரே அரிப்பு. வீட்டில் எல்லோரும் சுண்ணாம்பைத் தேடி ஓட, நான் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே குருணை கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். எதற்கு இதை உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் சொன்னால் புரியாது, அதனால் இருக்கலாம்.

உங்கள் மலர்க்கொடி அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பா. மேரி

*

பெரம்பலூர்
13 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை அம்மா முன்னால் வைத்துப் படித்தேன். அது தப்பாகப் போய்விட்டது. நான் சொன்ன அந்த வரி வந்ததும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்கள். "நீயா சொன்ன?" என்று ஒரே ஒரு கேள்வி. நீங்கள் வேலையை விட்டதற்கு ஏதோ சம்பளத் தகராறு என்று நான் வீட்டில் சொல்லியிருந்தேன். அதுவும் பொய்.

டென்ஷன் இல்லை அக்கா. பயம். எங்கள் குடும்பத்தில் என் தாத்தா காலம்வரை எல்லோரும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று தெரிந்தால் அந்த மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் எழுந்து போய்விடுவார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு நடுக்கம். எண் ஏன் ஏறுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. "தெரியலை சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். உங்களைக் காட்டிக்கொடுத்து நான் தப்பித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் தட்டோடு நிற்கிறீர்கள். அப்போதாவது எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கே கடைசி இரண்டு வாரக் கணக்கையும் அத்தியாயத்திலிருந்து அடித்துவிட்டேன்.

கவுண்டருக்கு நீங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் என் பையின் ஓர அறையில் மடிந்து கிடந்தது. போன வாரம்தான் பார்த்தேன். ஜூன் மாதத் தேதி.

நோட்டு வேண்டாம். அனுப்பாதீர்கள். அதற்குப் பதில் வேறொன்று கேட்கிறேன், இதைக் கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. எட்டு ஸ்லைடு அனுப்புகிறேன். எல்லாவற்றிலும் நீலச் சாயமும் பழுப்புச் சாயமும் ஏற்றியிருக்கிறது. எந்த நாள் எந்த எலி என்று எழுதிய லேபிளின் மேல் தாள் ஒட்டி, ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டிருக்கிறேன். வரிசை கலைத்துவிட்டேன். நான் எண்ணினால் சரியாக வராது. எனக்கு இப்போது ஆசை வந்துவிட்டது. ஆசையோடு பார்த்தால் வளையம் இல்லாத இடத்திலும் வளையம் தெரியும். உங்களுக்கு என் மேல் கோபம் இருக்கிறது. நான் தோற்றால் உங்களுக்கு நஷ்டமில்லை. இதை எண்ண உங்களைவிடச் சரியான ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே எடுத்து வருகிறேன். உங்கள் தம்பி சகாய ஆனந்திடம் போனில் பேசிவிட்டேன், அவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் உயிரியல் வாத்தியாராக இருக்கும் பள்ளியில் மைக்ராஸ்கோப் இருக்கிறதாமே. நீங்கள் தொடவே மாட்டேன் என்றால், டப்பாவைத் திறக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கை எப்படி இருக்கிறது?

மணிமொழி

*

மரியே வாழ்க

வரதராஜன்பேட்டை
24 நவம்பர் 2024

மணிமொழி மேடம் அவர்களுக்கு,

டப்பாவை மூன்று நாள் திறக்கவில்லை. நான்காம் நாள் திறந்தேன். பஞ்சு வைத்த லட்சணத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சந்தைக்கு எடுத்துப்போகும் முட்டை மாதிரி இத்தனை பொதிந்து அனுப்பினால் ஸ்லைடை வெளியே எடுப்பதற்குள்ளேயே உடைந்துவிடும். உடையவில்லை, பயப்பட வேண்டாம்.

பள்ளி மைக்ராஸ்கோப் பழசு, ஆனால் நாற்பது மடங்கு லென்ஸ் கண்ணாடி மாதிரி சுத்தம். யாரும் உபயோகித்ததில்லை போல. மழைக்கு இரண்டு நாள் லீவ் விட்டார்கள், காலையிலிருந்து மதியம் வரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபமாலையில்தான் எண்ணினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஸ்லைடிலும் நூறு இடம் பார்த்தேன். சாயம் குறைவானதிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். மூன்றாம் எண்ணில் சாயம் ஏறியது 5, வெறும் வளையம் 54. எட்டாவதில் 6, 55. முதலாவதில் 13, 47. ஆறில் 29, 32. இரண்டில் 44, 16. ஏழில் 57, 4. நான்காவதில் 62, வளையமே இல்லை. அது மருந்து போடாத எலியாகத்தான் இருக்க வேண்டும்.

இதை எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டேன். பிறகு ஏதோ தோன்றி ஒவ்வொன்றிலும் இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது. அறுபத்தொன்று. அறுபது. அறுபத்தொன்று. அறுபது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. சகாயத்தைக் கூப்பிட்டு அவனையும் கூட்டச் சொன்னேன். அதேதான் வந்தது! ஒருத்தரும் எங்கேயும் தொலைந்து போகவில்லை. அத்தனை பேரும் அங்கேயே இருந்திருக்கிறார்கள், காலிக் கையோடு. பெஞ்சை விட்டு எழுந்து வராந்தாவில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா? அரைகுறையாக நிறைந்த செல்களில் குருணை முதலில் நடுவில், உட்கருவை ஒட்டித்தான் சேர்கிறது. பிறகு ஓரத்துக்குப் பரவுகிறது. புதுச் செல் வந்து உட்கார்ந்திருந்தால் இப்படி எல்லாமே பாதிப் பாதியாக ஏன் இருக்க வேண்டும்? காலியானதேதான் மெல்ல மெல்ல நிறைகிறது என்று எனக்குப் படுகிறது. நான் படித்தது லேப் டெக்னீஷியன் டிப்ளமோ, நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் எண்ணைப் பற்றி எழுதாமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதில் சாயம் ஏறியதும் இல்லை, வளையமும் இல்லை. துண்டு துண்டாகக் கிழிசல். அது காலியானது இல்லை, செத்தது. ரசாயனத்துக்குப் பதில் வெறும் தண்ணீரைப் போட்டு உடைத்த செல் என்று நினைக்கிறேன். 2019இல் அப்படி ஒன்று பார்த்திருக்கிறேன். என்னிடம் சொல்லாமல் அதை ஏன் உள்ளே வைத்தீர்கள்? நான் இல்லாததை இருப்பதாக எழுதுகிறேனா என்று மறுபடியும் சோதித்தீர்களா? அந்த ஸ்லைடு மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி ஆரம்பித்திருப்பேன்.

நோட்டைக் கேட்க மாட்டேன் என்றீர்கள். நான் தருகிறேன், ஒரு நிபந்தனையில். என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியது போதும். அதே ரூமில், அதே ஆட்கள் முன்னால், போன தடவை நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அப்படியே திரும்பச் சொல்லி, அது பொய் என்று சொல்லுங்கள். நான் வர மாட்டேன். சொன்னீர்களா இல்லையா என்று யாரையும் விசாரிக்கவும் மாட்டேன். நீங்கள் எழுதுவதை நம்புவேன்.

கை சரியாகிவிட்டது.

பா. மேரி

*

பெரம்பலூர்
12 டிசம்பர் 2024, மாலை

அக்கா,

இப்போதுதான் முடிந்தது. ரூமை விட்டு வெளியே வந்து, காரிடாரில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஐந்தாம் எண். ஆமாம், தண்ணீரில் உடைத்த செல்தான். உங்களைச் சோதிக்க இல்லை. செத்த செல்லையும் காலியான செல்லையும் உங்களால் பிரித்துப் பார்க்க முடிகிறது என்று காட்டினால்தான் யாரும் வாயைத் திறக்க முடியாது. ஆனால் எட்டில் ஒன்று வேறு மாதிரி இருக்கும் என்றாவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்கள் கோபம் சரிதான்.

சொன்னேன் அக்கா. ஸ்லைடு ஷோ ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்றால் தைரியம் போய்விடும் என்று. "போன கமிட்டியில நான் ஒரு பொய் சொன்னேன் சார்" என்று ஆரம்பித்தேன். ஜெபமாலை வரியை ஓர் எழுத்து விடாமல் திரும்பச் சொன்னேன். பொத்தான் கெட்ட கவுண்டர், ஒரு செல்லுக்கு ஒரு மணி, நான் பையில் போட்டு மறந்த விண்ணப்பம், எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு விடை தெரியாததால் எண்ணியவர் மேல் பழியைப் போட்டேன் என்றேன். வீரமணி சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

நல்லுசாமி சார் நாற்காலியை விட்டு எழுந்தார். மைக்ராஸ்கோப் எங்கே என்றார். சகாயம் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த, தாள் ஒட்டிய எட்டு ஸ்லைடையும் அவர் முன்னால் வைத்தேன். நீங்கள் எழுதிய கடிதத்தை வீரமணி சார் கையில் கொடுத்துவிட்டேன். நல்லுசாமி சார் அரை மணி நேரம் குனிந்து பார்த்தார், டீ ஆறிப்போனது. ஐந்தாம் எண் வந்ததும் நிமிர்ந்து, "இது செத்ததுல்ல?" என்றார். வீரமணி சார் உங்கள் வரியை வாசித்தார். பிறகு நானே லேபிளின் மேலிருந்த தாளை ஒவ்வொன்றாக உரித்தேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழு, பதினான்கு, இருபத்தொன்று, இருபத்தெட்டு. நீங்கள் எழுதிய வரிசை அப்படியே!

கடைசியில் நல்லுசாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்கு இந்தம்மா சொன்னதுக்கு மொதல்ல சிரிச்சது நான்தான். அதையும் குறிப்புல எழுதிக்கங்க." எழுதிக்கொண்டார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, மூச்சு வாங்குகிறது எனக்கு. ரசாயனம் போட்டு, செல்கள் மறுபடி நிறையும்வரை விட்டுவைத்த கூட்டத்தில் இரண்டு எலி மிச்சம் இருந்தன, ஞாபகம் இருக்கிறதா? போன வாரம் அவற்றுக்கு அதே ரசாயனத்தை மறுபடி போட்டேன். அவற்றின் செல்கள் மறுபடி அத்தனையும் கொட்டிவிட்டன! சும்மா குருணையை மட்டும் நிரப்பிக்கொண்டு உட்காரவில்லை. உண்மையாகவே தேறி, வேலைக்குத் திரும்பியிருக்கின்றன. இரண்டே எலிதான், இன்னும் நிறையச் செய்து பார்க்க வேண்டும். இருந்தாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அடித்த பக்கங்களைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். கட்டுரையில் என் பெயருக்கு அடுத்து உங்கள் பெயர். வீரமணி சார் சம்மதித்துவிட்டார். உங்கள் இடத்தில் இன்னும் ஆள் போடவில்லை. புதுக் கவுண்டர் வந்திருக்கிறது, உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன். ஜெபமாலைதான் வேண்டும் என்றாலும் சரி.

மணிமொழி

*

மரியே வாழ்க

வரதராஜன்பேட்டை
17 டிசம்பர் 2024

மணி,

நோட்டை சகாயத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். பஸ்ஸில் யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன், அவனே உன் கையில் தருவான். அவனுக்கு உன் அம்மா கையால் ஒரு வேளை சாப்பாடு போடச் சொல்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போனில் பேசினால் நீ என்னை முடிக்க விட மாட்டாய்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். நீ சொன்னதற்காக இல்லை. சொல்லியிருப்பாய் என்று எனக்கு ஏனோ நம்பிக்கை இருந்தது. அந்த இரண்டு எலிக்காக அழுதேன் என்றால் சிரிப்பாய். தேறிய செல் மறுபடி கொட்டும் என்று எழுதியிருக்கிறாய். நமக்கும் அது நடக்கும். நீ மறுபடி ஏதாவது உளறுவாய், நானும் தட்டை வைத்துவிட்டுக் கிளம்புவேன். இந்தத் தடவை மூன்று மாதம் ஆகிவிட்டது, அடுத்த தடவை அத்தனை நாள் வேண்டாம்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி இரண்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். கவுண்டரை நீ வைத்துக்கொள்.

நோட்டில் கடைசிப் பக்கத்தைப் பார். தேதி செப்டம்பர் 19. அந்த வாசலில் நின்று கேட்டுவிட்டு நான் நேராக பஸ் ஏறவில்லை. இருபத்தெட்டாம் நாள் ஸ்லைடு ஒன்று பாக்கி இருந்தது. திரும்ப லேபுக்கு வந்து, உட்கார்ந்து, அதை எண்ணி முடித்து, வட்டமும் போட்டுவிட்டுத்தான் போனேன். எழுத்து கோணலாக இருக்கும். எண்ணிக்கை சரியாக இருக்கும்.

உன்,
மேரி அக்கா